லோகா மிஸ்ஸி அளந்த தலைகள்

லோகேஸ்வரி அளவுநாடாவை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார். "ஜில்லுனு வச்சா சார் கோவிச்சுக்குவாரு." சார் பிறந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனையில் அவர் தாதி. வருகிறவர்களுக்கு லோகா மிஸ்ஸி. பிறந்ததும் எடை, நீளம், தலைச்சுற்றளவு எடுப்பது அவர் வேலை. வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு எடை ஒன்றுதான் வேண்டும். அதனாலேயே அதைக் கடைசியில் சொல்வார். முதலில் நீளம், பிறகு தலை, அதன்பின் பிள்ளை கொட்டாவி விட்ட விவரம். "மீனா வாங்க வந்தீங்க, கிலோ கேக்குறீங்க?"

நாலு கிலோவைத் தாண்டிய மகனைப் பார்த்து "சிங்கக்குட்டி!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஜுருவில் கார் விற்கும் ஒருவர். "சிங்கம் இல்லண்ணே, சீனி. அக்காவுக்கு இனிப்புநீர் வியாதி இருக்கு. மொதல்ல வீட்டுல மைலோ டின்னை மறைச்சு வைங்க." இரண்டரை கிலோதானா என்று முகம் சுருங்கிய இன்னொரு தகப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் அஞ்சடி, அவங்களும் அஞ்சடி. தலைப்பிள்ள, அதுவும் மூணு வாரம் முந்தி வந்துருச்சு. லாரியா வரும்?"

டுரியான் பருவத்தில் சந்தைக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. பழத்தைத் தூக்கி, "ரெண்டு கிலோ எண்ணூறு. மாசம் நிறைஞ்சிருக்கு" என்பார். கடைக்காரர் தராசு மூன்றரை காட்டும். முள்ளுக்கெல்லாம் தான் பொறுப்பில்லை என்பது அவர் வாதம்.

சென்ற வாரம் அங்கே பிரசவித்த ஷஹீதா என்ற பெண்ணின் மகனுக்குத் தலைச்சுற்றளவு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் வந்தது. முப்பத்தைந்தை ஒட்டி இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். மறுநாளும் அதே முப்பத்தெட்டு. உச்சிக்குழி புடைக்கவில்லை, பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். டாக்டர் சொன்னார்: "பெத்தவங்க தலையையும் அளந்துருங்க. அவங்களுக்கும் பெரிசுன்னா, ரெண்டு வாரம் கழிச்சு இவனை மறுபடி அளக்கலாம். இல்லேன்னா ஸ்கேன் பண்ணிப் பாத்துருவோம்."

ஸ்கேன் என்றதும் ஷஹீதா அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளையின் தலையைத் தொடவே பயந்தாள். மாமனார் அப்துல் அஜீஸ், சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர், நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"எங்க குடும்பத்துல இப்படித் தலை கிடையாதுலா. பொண்ணு வீட்டுப் பக்கம் பாருங்க."

மிஸ்ஸி ஷஹீதாவின் தலையை அளந்தார். ஐம்பத்து நாலு. "பொண்ணு வீடு பாஸ்!" அடுத்து அவள் கணவன் ஹாரிஸை உட்கார வைத்தார். அறுபது.

"அது முடி மிஸ்ஸி. காடு மாதிரி வளத்து வச்சிருக்கான்," என்றார் அஜீஸ்.

"நேத்துதானே அத்தா வெட்டுனேன்," என்று முனகினான் ஹாரிஸ்.

"சரிண்ணே, முடின்னே வச்சுக்குவோம்," என்றார் மிஸ்ஸி. "உங்களுக்குத்தான் அந்தத் தொல்லை இல்லையே. தொப்பிய எடுங்க."

"டாக்டர் பெத்தவங்களத்தானே அளக்கச் சொன்னாரு?"

"ஹாரிஸைப் பெத்தது யாரு, நானா?"

அஜீஸ் கதவைப் பார்த்தார். பிறகு மருமகளின் வீங்கிய கண்களைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வழுக்கையில் மின்விளக்கு பளபளத்தது. அதைச் சுற்றி நாடா போய்ச் சேர்வதற்குள், ஹாரிஸ் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

லோகா மிஸ்ஸி எண்ணை அறிவிக்கவில்லை. அறுபத்தொன்றின்மேல் கட்டைவிரலை அழுத்தி, வளையம் குலையாமல் நாடாவைக் கழற்றி, அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஷஹீதாவின் கண் முன்னால் பிடித்தார்.