பத்துமணிப்பூ முற்றம்

எங்கள் பக்கத்தில் முற்றம் என்றால் வெறும் மணல். புல் தலைகாட்டினால் மண்வெட்டியால் செருக்கி எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆளில்லாத வீடு, பாம்புக்கு விட்ட வீடு என்பார்கள். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் கண்டாவளை முழுவதும் ஒரே கட்சி.

என் மனைவி மட்டும் கட்சி மாறினாள். கிணறு உவர்த்து, ரோசாவும் செவ்வரத்தையும் காய்ந்துபோன வருடம், யாரோ வீட்டில் பத்துமணிப்பூத் தண்டு கொஞ்சம் கிள்ளி வந்து ஊன்றினாள். சதைப்பற்றான அந்தத் தண்டுகள் நிலத்தோடு ஒட்டிப் படர்ந்து முற்றத்தையே மூடிவிட்டன. தண்ணீர் கேட்பதே இல்லை. சிறுநீரகம் பழுதாகி, வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மிடறும் குடிக்க முடியாத அவளுக்கு அதுதான் பிடித்துப்போனது. வெயில் ஏறிப் பூ விரியும் நேரத்துக்குக் கதிரையை வாசலில் போடச் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி கிடப்பவள் அப்போது மட்டும் என்னோடு கதைப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நானும் விடிவதைப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இரத்தம் சுத்திகரிக்க, முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது முற்றம் மொட்டையாகக் கிடந்தது. அவளுடைய தம்பி மண்வெட்டியோடு, எங்களுக்காகக் காத்து நின்றான்.

"அக்கா, முழுக்கச் சாரணை. வெயிலுக்கு முதலே வந்து செருக்கிப்போட்டன். வருத்தக்காரர் இருக்கிற வீட்டில பாம்பு பூந்திட்டா என்ன செய்யிறது?"

பூ விரியாத நேரத்தில் பத்துமணியும் சாரணைக் களையும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். வேலிக்கரையில் குவித்து ஓலை போட்டுக் கொளுத்தியும் இருந்தான். தண்டுக்குள் தண்ணீர் இருந்ததால் சரியாக எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நல்ல வேலை செய்திருக்கிறாய் தம்பி. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் சந்தோசமாகக் குடித்துவிட்டுப் போனான். அன்பாகச் செய்த வேலைக்கு யாரைத் திட்டுவது? நான் ஓடிப்போய்ப் புகைக்குள் கையை விட்டுக் கிளறினேன். கருகாத தண்டுகள் ஒரு பிடி கிடைத்தன.

"இஞ்ச பாரும், உயிரிருக்கு. இப்பவே ஊண்டினா மாரிக்கு முன்னம் படர்ந்திடும்."

அவள் தண்டுகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"வேண்டாம், விடுங்கோ. எனக்குப் பிறகு நீங்கள் தனிய இருந்து பாப்பீங்களோ?"

கையில் இருந்ததைத் திரும்பவும் நெருப்பில் போட்டேன்.