சாய்ஞ்சானின் குதிகால்

பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. பஸ்ஸில் ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்து அடிபட்டதாக யாராவது எழுதிக் கொடுத்தால், கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்து, விழுந்தது நிஜமா நடிப்பா என்று ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அது அவள் காதுக்கு எட்டிவிட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கணக்கு கைவந்திருந்தது. நிஜமாக விழுகிறவர்கள் கையிலிருப்பதை விட்டுவிடுவார்கள். நடிக்கிறவர்கள் பையை ஓரமாகச் சாய்த்துவிட்டுத்தான் சாய்வார்கள். நிஜமாக விழுந்தவர்கள் கொஞ்ச நேரம் சத்தமே போட மாட்டார்கள்; நடிக்கிறவர்களுக்குத் தரையைத் தொடும் முன்பே குரல் வந்துவிடும். இந்தக் கணக்கை அவள் ஆபீசோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாணம் நாலு வருஷம்தான் தாங்கியது. "உன்கூட சாப்பிட உக்காந்தாலே சாட்சிக் கூண்டுல ஏறின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர். அதற்கும் அவளிடம் ஒரு சந்தேகம் இருந்தது: இதை அவருக்கு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் தம்பி வீட்டு மாடியில் ஒரு அறையில் குடியேறினாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்காவும் தம்பியும் எதிலும் ஒத்துப்போனதில்லை, கூடைப்பந்து ஒன்றைத் தவிர. அதிலும் ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்பதில்தான் ஒற்றுமை, பார்த்ததைப் பற்றி அல்ல.

அந்த வருஷம் கோப்பைக்கு மூன்று அணிகள் முட்டி மோதின. பச்சைச் சட்டைக்காரர்களிடம் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை, ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பத்தாவது ஆள்கூட ஆடத் தெரிந்தவன். மலை அணியில் எல்லாரும் இளங்கன்றுகள். ஓடிக்கொண்டே இருப்பார்கள், கடைசி நிமிஷத்தில் கை நடுங்கும். மூன்றாவது துறைமுக அணி. அதில்தான் அவன் இருந்தான்.

அவனை ரசிகர்கள் மன்னர் என்றார்கள். அக்கா வைத்த பெயர் சாய்ஞ்சான். முப்பத்து நாலு வயசு, மூன்று அணி மாறியவன், இரண்டு கோச்சுகளை வீட்டுக்கு அனுப்பியவன். எதிராளியின் விரல் பட்டால் போதும், லாரி மோதியதுபோல் விழுவான், நடுவர் விசில் ஊதுவார், எழுந்து நின்று, யாரும் தடுக்க முடியாத இரண்டு ஃப்ரீ த்ரோவையும் சாவகாசமாகப் போடுவான். பாதி உலகம் அவனைக் கும்பிட்டது. மீதிப் பாதி அவன் விழும்போது டிவியைத் திட்டியது.

"எழுதி வெச்சுக்கக்கா. இந்த வருஷம் கோப்பை துறைமுகத்துக்குத்தான்" என்றான் தம்பி, அரையிறுதி தொடங்கிய சாயங்காலம்.

"எதை வெச்சுச் சொல்ற?"

"மன்னர் இருக்காரு."

"அவனோட பாயிண்டுல பாதி ஃப்ரீ த்ரோ. படுத்துக்கிட்டே சம்பாதிச்சது. பச்சைக்காரங்க அவன் பக்கத்துலயே போகாம கையைக் கட்டிக்கிட்டு நின்னா என்ன செய்வான்?"

"நேராப் போய்க் கூடையில போடுவாரு."

"போடட்டும். மத்த நாலு பேரு? அவங்க பந்தைத் தொட்டு ரெண்டு வாரம் ஆச்சு."

"நாலு வருஷமா ஒரு ஆட்டம்கூட விடலக்கா அந்த ஆளு. காய்ச்சலோட ஆடினாரு, அதையாவது ஒத்துக்கோ."

"காய்ச்சல்னு யார் சொன்னது? அவன் ஆளுங்கதானே. தெர்மாமீட்டரை நீ பாத்தியா?"

தம்பி மனைவி நடுவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு வந்த காய்ச்சலுக்கு நம்ம வீட்ல பத்து நாளா சண்டை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் மேல் அக்காவுக்கு ஏன் அத்தனை கடுப்பு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளியில் அவள் கூடைப்பந்து ஆடியவள். இறுதி ஆட்டத்தில், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து பந்தை எறிந்துவிட்டு, யாருமே தொடாமல் தொப்பென்று விழுந்தாள். விசில் அடித்தது. மூன்று ஃப்ரீ த்ரோவும் போனது உள்ளே. எதிரணிப் பெண் "நான் தொடவே இல்ல சார்" என்று அழுதுகொண்டே நின்றதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இவளுக்குப் பதக்கம் போட்டார்கள். அதன்பின் யார் விழுந்தாலும் அவளுக்கு அந்த விசில்தான் முதலில் கேட்கும்.

ஏழு ஆட்ட அரையிறுதியில், பச்சைக்காரர்களோடு நாலாவது ஆட்டம். துறைமுகம் பதினொரு புள்ளி முன்னால். சாய்ஞ்சான் பந்தை வாங்கி, வலது காலை ஊன்றி உந்தப் போனவன், அப்படியே நின்றான். பந்து கையை விட்டு உருண்டு போனது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பிறகுதான் உட்கார்ந்தான்.

"பாத்தியா, பாத்தியா. நடுவர் எங்க நிக்கிறாருன்னு தேடிட்டு உக்கார்றான். பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. இதுக்குமா விசில்?"

தம்பி எழுந்து நின்றிருந்தான்.

"அக்கா, அவருக்கு அறுந்துடுச்சு."

"என்ன அறுந்துச்சு?"

"குதிகால் நரம்பு. எனக்கு அறுந்த மாதிரியே."

ஆறு வருஷம் முன்பு தம்பி லிஃப்ட் குழியிலிருந்து மேலே ஏற உந்தியபோது அது நடந்தது. அப்போது அக்கா மூன்று நாள் அவன் எந்தக் காலை நொண்டுகிறான், மாற்றி நொண்டுகிறானா என்று கவனித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் தேதி குறித்த பிறகுதான் நம்பினாள். அதை அவன் மறக்கவில்லை.

"அன்னைக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பின்னால திரும்பி எவண்டா உதைச்சதுன்னு கெட்ட வார்த்தையில திட்டினேன். பின்னால வெறும் சுவரு. நரம்பு அறுந்தா அப்படித்தான் இருக்கும். யாரோ பூட்ஸ் காலால எட்டி உதைச்ச மாதிரி. டாக்டரே சொன்னாரு, வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்கன்னு."

"இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ எங்க கேட்ட? காலைத்தானே பாத்துக்கிட்டிருந்த."

திரையில் அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நின்றான், திரும்பினான், உட்கார்ந்தான். பந்தை விட்டுவிட்டிருந்தான். சத்தம் போடவில்லை. அவள் கணக்குப்படி பார்த்தால்கூட அது நிஜம். ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. "ஸ்கேன் வரட்டும்" என்றாள்.

ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது சாய்ஞ்சான் இல்லை, ஒரு தையல்காரப் பெண். ஒரு மாசத்துக்கு முன் வந்த புகார் அது. பஸ்ஸில் ஏறும்போது பின்னால் இருந்தவன் குதிகாலில் உதைத்துவிட்டான், நடக்க முடியவில்லை, மிஷினை மிதிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். பதிவில் அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை. படியில் கால் வைக்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், உட்காருகிறாள். அக்கா மூன்றே வரியில் முடித்திருந்தாள்: 'விழும் முன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறார். உதைத்ததாகச் சொல்லப்படும் நபர் இல்லை. நம்பத் தகுந்ததல்ல.'

காலையில் போனதும் அதே பதிவைப் போட்டாள். தையல்காரி படியில் வலது காலை ஊன்றி உந்தும் அதே நொடியில் பஸ் நகர்ந்திருந்தது. டிரைவர் அவசரப்பட்டிருக்கிறார். போன தடவை அவள் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. பொய்க்காரியை மட்டும் பார்த்திருந்தாள். கையிலிருந்த துணிப்பை நடைபாதையில் கிடந்தது. அதுவும் அன்று கண்ணில் படவில்லை.

புதுக் குறிப்பு எழுதி மேலாளரிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உங்க குறிப்பை நீங்களே வெட்டுறீங்க. பதினாறு வருஷத்துல இது முதல் தடவை."

"தப்பா எழுதிட்டேன் சார்."

"எப்படித் தெரிஞ்சுது?"

கூடைப்பந்து பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? சொன்னாள். அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார்.

"அந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்களா?"

இத்தனை வருஷம் அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. அதன் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லும்போதே குரல் பொய்போல ஒலித்தது. "முகம்கூட நேர்ல பாத்ததில்ல சார். நம்ம டாக்டர்கிட்ட ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கட்டும். இல்லன்னு வந்தா என் பழைய குறிப்பே இருக்கட்டும்" என்றாள். அவர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஸ்கேனுக்கு வரச் சொல்லும் கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கலாம். சனிக்கிழமை காலை அவளே எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது மாடி, ஒற்றை அறை, ஜன்னலோரம் தையல் மிஷின். தையல்காரி இடது காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். வலது கால் ஒரு ஸ்டூலில் இருந்தது. பக்கத்துக் கிளினிக்கில் சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"எதுக்கு இப்ப வந்திருக்கீங்க? அப்ப பொய்ன்னு எழுதினீங்களே."

"நான்தான் எழுதினேன். தப்பு. அதான் வந்தேன்."

"யாராவது அனுப்பினாங்களா? இதுல கையெழுத்துப் போட்டா புகாரை வாபஸ் வாங்கின மாதிரி ஆயிடுமா?"

"ஆகாது. படிச்சுப் பாருங்க."

தையல்காரி மூன்று தடவை படித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னாள். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஸ்கேனில் நரம்பு முக்கால்வாசி அறுந்திருந்தது. தாமதமாகிவிட்டதால் ஆபரேஷன் கொஞ்சம் சிக்கலாகத்தான் இருந்தது என்றார் டாக்டர். கம்பெனி தவறை ஒப்புக்கொண்டது. டிரைவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

சாய்ஞ்சானுக்கும் ஆபரேஷன் நடந்தது. அவன் இல்லாத துறைமுகம் அடுத்த மூன்று ஆட்டத்தையும் கோட்டை விட்டது. கோப்பையைப் பச்சைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். "மன்னர் நின்னிருந்தா கதையே வேற" என்றான் தம்பி.

"நின்னிருந்தாலும் தோத்திருப்பாங்க."

"இப்பவாவது அந்த ஆள் நடிகர் இல்லன்னு ஒத்துக்கிறியா?"

"அந்த ஒரு தடவை நிஜம். மத்ததெல்லாம் நடிப்புதான்" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "உன் காலு மழைக்கு வலிக்குதா?" என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"எப்பவாவது" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நாலு மாசம் கழித்துத் தையல்காரி ஊன்றுகோலோடு ஆபீசுக்கு வந்தாள், நஷ்டஈட்டுக்கான கடைசிக் காகிதத்தில் கையெழுத்துப் போட. போடும் முன் அந்தப் பதிவைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, பதிவை ஓட விட்டாள். தையல்காரி திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

"பின்னால ஒருத்தன் நின்னான்" என்றாள் கடைசியில்.

"இல்லம்மா. நரம்பு அறுந்தா அப்படித்தான் தோணுமாம். என் தம்பிக்கும் அப்படித்தான்..."

"உங்க தம்பியை விடுங்க. என் கால், எனக்குத் தெரியும். பதிவுல அவனை அழிச்சுட்டீங்களா?"

"இதை அழிக்கிற வசதி என்கிட்ட இல்ல."

"வேற யாருகிட்ட இருக்கு?"

யோசித்துப் பார்த்தால், அது நியாயமான கேள்விதான். தையல்காரி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, நெருக்கமான சின்ன எழுத்தில், 'பின்னால் ஒருவன் நின்றான்' என்று எழுதினாள். காகிதத்தைத் தள்ளிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள்.

அப்படி எழுதக் கூடாது, விதியில் இடமில்லை, வேறு படிவம் எடுத்து மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். அக்கா காகிதத்தை அப்படியே ஃபைலில் கோத்தாள்.