பாக்கெட்டின் பின்பக்கம்

ஆரியசாலைக் கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். மலையாளம் பேசுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. வாசிக்க மட்டும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். பாக்கெட்டில் மலையாளத்தில் போட்டிருப்பதை யாராவது வாசிக்கச் சொன்னால், அதைத் திருப்பி, உதட்டை அசைத்துவிட்டு, மனசில் தோன்றியதைச் சொல்வேன். வெட்கங்கெட்ட பிழைப்புதான். பெரும்பாலும் சரியாகவே அமைந்ததில் துணிச்சல் வந்துவிட்டது.

பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போடுகிறாள். போன தடவை பாதி முளை மண்ணுக்குள்ளேயே கருகிவிட்டது. விளைந்த கிழங்கில் கழுவினாலும் போகாத கறுப்புப் பொட்டு. மண்ணில் தங்கிவிட்ட பூஞ்சை அது. இடம் மாற்றி நட அவளுக்கு வேறு நிலம் கிடையாது.

டிரைக்கோடெர்மா பொடி ஒரு பாக்கெட்டும், பூஞ்சை மருந்து ஒரு பாக்கெட்டும் எடுத்து வைத்தேன்.

“எப்படிப் போடணும்னு வாசிச்சுச் சொல்லுங்க, அண்ணாச்சி.”

“ரெண்டையும் சாணிப்பொடியில ஒண்ணாக் கலந்து, ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்க. பின்னே சால்ல போட்டு நடுங்க. டபுள் பவராக்கும்.”

டபுள் பவர். என் வாயை என்ன சொல்ல. டிரைக்கோடெர்மா உயிருள்ள நல்ல பூஞ்சை. மருந்து பட்டால் அதுதான் முதலில் சாகும். கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்துக்காரர் ஒருவர் பிறகு பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்து, கிழங்குகளை மேசையில் உருட்டினாள். எல்லாவற்றிலும் அதே பொட்டு. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“என் மவ மலையாளம் மீடியம், எட்டாங் கிளாஸ். வேற மருந்தோட கலக்கக் கூடாதுன்னு போட்டிருக்குன்னு அன்னைக்கே சொன்னா, அண்ணாச்சி. கடைக்காரருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்னு முதுகுல ரெண்டு வச்சேன்.” காலிப் பாக்கெட்டை நீட்டினாள். “அவ சொன்னது தப்புதானே? இன்னொருக்க பாருங்க.”

பிள்ளை சரியாகத்தான் வாசித்தாள், எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

“சின்னப் பிள்ளைதானே, தப்பா வாசிச்சிருக்கும்,” என்றேன்.

“அதானே பாத்தேன்,” என்றாள். “வீட்டுக்குப் போயி அவகிட்ட சொல்லுதேன்.”