மா மியா வாசித்த மத்தியான ஆட்டம்

போன வாரம் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பியானோவின் மூடியைத் திறந்தார்கள். அந்துருண்டையும் ஈர மரமும் கலந்த வாசனை வந்தது. எனக்கு அது போதும், ரங்கூனுக்குப் போய்விட்டேன்.

அது ஊமைப்படக் காலம். அந்த ஊரின் லத்தா பேட்டையில் ஒரு கொட்டகையில், திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழில் உரக்கச் சொல்வது என் உத்தியோகம். பனியைக் கண்டறியாதவன் நான். “வானத்திலிருந்து பஞ்சு கொட்டுகிறது” என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன். திரைக்குப் பக்கத்தில் பியானோ வாசித்தவள் மா மியா. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர், அம்மா பர்மாக்காரர்.

ஒருமுறை போலந்து தேசத்துச் சங்கீத மேதை ஒருவரின் வாழ்க்கை படமாக வந்தது. முதலாளிக்குத் தரையில் கால் பாவவில்லை.

“சாயங்காலம் வெள்ளைக்காரங்க வருவாங்க. ஓட்டல்ல வாசிக்கிற துரைகிட்ட சொல்லியிருக்கேன். மத்தியானம் மட்டும் மியா வாசிக்கட்டும்” என்றார்.

துரை வந்தால் அப்படியே தங்கிவிடுவார், தன் வேலை போய்விடும் என்று மியாவுக்குத் தெரியும். காலையில் தனக்காகப் படத்தை ஒருமுறை ஓட்டும்படி கேட்டுக்கொண்டாள்.

காலிக் கொட்டகையில் நாங்கள் இருவரும் பார்த்தோம். படத்தில் அந்த மேதையின் கிராமத்தில் ஒரு கல்யாணம், ஜனங்கள் தரையை உதைத்து ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தின் பெயர் திரையில் வந்தது. தான் படித்த ஒரு பாட்டின் பெயர் அது என்று கண்டு மியா எழுந்துவிட்டாள்.

“அண்ணே, இது ஆடுற பாட்டா? மிஷன் ஸ்கூல்ல இத ஜெபம் மாதிரி மெதுவாத்தானே சொல்லிக் குடுத்தாங்க.”

ஆடுகிறவர்களின் பாதங்களையே பார்த்தபடி குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மத்தியானம் வரை பியானோவை விட்டு நகரவில்லை.

மத்தியான ஆட்டத்துக்கு வந்தவர்கள் போட்டாதாங் துறையில் மூட்டை சுமக்கும் நம் ஆட்கள். சண்டைப் படம் என்று நினைத்து வந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கல்யாணக் காட்சி வந்தது. மியா வாசித்த வாசிப்பில் முன்வரிசை முழுக்கக் கால்கள் தாளம் போட்டன. “இன்னொரு தடவ வாசிம்மா” என்று ஒரே கூச்சல். படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் வாசித்தாள்.

அப்புறம் படத்தில் அந்த மேதை ஊரை விட்டுக் கிளம்புகிறார். அம்மா வாசலில் நிற்கிறாள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

“நீ சும்மா இருய்யா. அந்தப் பொண்ணு வாசிக்கிறதுலயே புரியுது” என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

என் உத்தியோகத்தில் நான் பெற்ற ஒரே விமரிசனம் அது, நியாயமானதுதான். அத்தனை பேரும் கப்பலேறி வந்தவர்கள். மேல்துண்டால் முகத்தைத் துடைக்காதவர் இல்லை.

படம் முடிந்தும் யாரும் எழவில்லை. மியா எழுந்து கும்பிட்ட பிறகுதான் கலைந்தார்கள். முதலாளி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“துரைக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிட்டேன். சாயங்காலமும் நீயே உக்காரும்மா.”

“இனிமே எல்லா ஆட்டத்துக்கும் நான்தான். அதையும் இப்பவே சொல்லிடுங்க” என்றாள் மியா. அவர் தலையாட்டினார். சாயங்காலம் துரைமார்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பேசும் படம் வந்ததும் பியானோவை விற்றுவிட்டு, அங்கே ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்தார்கள். மியா கல்யாணமாகி மௌல்மேன் போனாள். யுத்தத்தில் கொட்டகையும் போய்விட்டது. இப்போதும் நான் படம் பார்க்கப் போகிறேன். நல்ல காட்சி வந்தால் திரைக்குப் பக்கத்தில் ஒரு கணம் பார்ப்பேன். அங்கே வெறும் சுவர்தான் இருக்கிறது.