நான் துடைத்துவிட்ட கிரீஸ்

1. வள்ளம் ரோட்டில் கிடந்த காலை

"ஃபோர்மேன் அண்ணே, வீலு கழண்டு ஓடிப்போச்சு. வள்ளம் ரோட்டுல கெடக்கு. ஒருக்கா வாருங்க."

காலை ஒன்பது மணிக்கு ததேயு இப்படிப் போன் செய்தபோது நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ததேயு கடற்கரைக்காரர், மீன்பிடித் தொழில். அவருடைய ஃபைபர் வள்ளத்தை ஏற்றி இழுக்கிற டிரெய்லரை, மூன்று மாதம் முன்னால் அருமனையில் என் வீட்டு முற்றத்தில் போட்டுப் பிரித்து, மறுபடி கட்டிக் கொடுத்தவன் நான். வள்ளத்துக்கு ஒட்டுப் போட நாகர்கோவில் பக்கம் ஒரு பட்டறைக்கு இழுத்துப் போகிற வழியில், தக்கலை தாண்டி, பின்பக்க இடது சக்கரம் கழன்றுவிட்டது.

"ஆளுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றேன்.

"ஆளுக்கு ஒண்ணும் இல்லண்ணே. வள்ளத்துக்குத்தான் வயிறு கீறிட்டு."

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன். என்ன நடந்திருக்கும் என்று போய்ப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. போகிற வழியிலேயே தெரியும். ஆயில் சீல்.

டிரெய்லர் வேலை பழகுகிற தம்பிமார் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். நல்லபடியாக முடிந்த வேலைகள் எத்தனையோ உண்டு. அதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும். நான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

முதலில் ஒன்று. நான் ஃபோர்மேன் இல்லை. கல்ஃபில் ஒரு படகு யார்டில் இருபத்திரண்டு வருடம் டிரெய்லர் செக்‌ஷனில் ஃபிட்டராக நின்றவன். ஊருக்கு வந்த புதிதில் யாரோ ஃபோர்மேன் என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

2. அப்கிரேடு

யார்டில் எனக்கு முதல் நாள் கிடைத்த வேலை ஒரு ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுவில் பேரிங்கும் கிரீஸும் இருக்கிற உருளையை, திறப்பது. அங்கே ஃபோர்மேன் கொல்லத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். "விரல உள்ள இடு. என்ன நெறம்?" என்றார். வெள்ளை என்றேன். "தேன் நெறத்துல இருந்தா பேரிங்குக்கு ஆயுசு. பால் நெறமானா வெள்ளம் கேறியாச்சு. அப்புறம் ஒண்ணும் பேசாண்டாம்."

வெள்ளம், அதாவது தண்ணீர், உள்ளே கேறுகிற விஷயம் இவ்வளவுதான். வண்டி ஓடும்போது ஹப் சூடாகும். சூட்டோடு கடலில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருக்கிற தண்ணீரை இழுக்கும். அதைத் தடுப்பது பின்னால் இருக்கிற ஆயில் சீல் ஒன்றுதான். கடலில் இறங்குகிற டிரெய்லருக்கு டபுள் லிப் சீல்தான் போட வேண்டும். ஒரு உதடு கிரீஸை உள்ளே நிறுத்தும், இன்னொரு உதடு தண்ணீரை வெளியே நிறுத்தும். இருபத்திரண்டு வருடத்தில் இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ததேயு கொண்டுவந்தது மூடிப்போன ஒரு ரிசார்ட்டின் பழைய டிரெய்லர். ஒற்றை ஆக்சில். சுத்தியலால் தட்டினால் சட்டத்து இரும்புச் சேனல் பாளம் பாளமாக உதிர்ந்தது. மூன்று குறுக்குச் சேனலை வெட்டி எடுத்துப் புதிது வெல்டு செய்தேன். அவருடைய வள்ளத்தின் எடைக்கு ஒற்றை ஆக்சில் காணாது என்று இரண்டாவது ஆக்சில் வைத்தேன். புது லீஃப் ஸ்பிரிங், நைலான் ரோலர், கையால் சுற்றுகிற வின்ச், நடந்து போக செக்கர் பிளேட், பின்னால் எல்இடி விளக்கு. மேலே ஜிங்க் பிரைமர், அதற்கு மேல் நீலப் பெயிண்ட், வெள்ளைக் கோடு. பார்க்க அது ஒரு மணவாட்டி கணக்காக நின்றது.

சீல் வாங்கக் கோட்டாறு போனது ஒரு வெள்ளிக்கிழமை. கடைக்காரர் கையை விரித்தார்.

"டபுள் லிப் இந்த சைஸ்ல இல்ல அண்ணாச்சி. புதன்கெழம வரும். சிங்கிள் லிப் கெடக்கு. ஆனா கடல்ல எறங்குத வண்டின்னா காத்திருங்க."

காத்திருக்கலாம். ததேயு அவசரப்படவே இல்லை. "ஒரு வாரம் பிந்தினாலும் சாரமில்லண்ணே, சரியா செஞ்சா போதும்" என்றவர் அவர். அவசரம் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஃபோர்மேன் என்று பேரெடுத்த என் வீட்டு முற்றத்தில் அந்த டிரெய்லர் நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். இதுதான் காரணம். வேறு ஒரு எளவும் இல்லை.

சிங்கிள் லிப் நாலு வாங்கி வந்து போட்டேன். அடித்து இறக்கும்போதே மனசு குத்தியது. ஹப் கேப்பை மூடியதும் குத்தல் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா விளக்கை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். சீலை யார் பார்த்தார்? பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். புதன்கிழமை வந்தது, போனது. வண்டியும் போய்விட்டது.

கொடுத்த அன்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். "கடல்ல எறக்கி ஏத்தினா ஒவ்வொரு தடவையும் நல்ல வெள்ளத்துல வீலக் கழுவணும். விட்டுட்டு என்கிட்ட வரப்பிடாது."

"எனக்க வீட்டுக்காரி பாத்துக்கிடுவா அண்ணே," என்றார் ததேயு. மிச்சம் வந்த நீலப் பெயிண்ட் டப்பாவையும் கையில் கொடுத்துவிட்டேன்.

3. ஸ்பீக்கரில்

தக்கலை தாண்டி ஒரு டீக்கடைக்கு எதிரே வள்ளம் சரிந்து கிடந்தது. அடியில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். ததேயுவோடு கடலுக்குப் போகிற மூன்று பேர் ஓரமாக நின்றார்கள். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் ரோட்டில்.

நான் குனிந்து ஹப்பைப் பார்த்தேன். பேரிங் துருப்பிடித்து நொறுங்கியிருந்தது. மிச்சம் இருந்த கிரீஸ் பால் நிறத்தில் இருந்தது. யார்டில் முதல் நாள் பார்த்தேனே, அதே வெள்ளை.

என் கையில் கிரீஸ் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி இருந்தது. துடைத்தேன். ஒரே துடைப்பில் எல்லாம் போய்விட்டது. வேஸ்டைச் சுருட்டிப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். கை என்னுடையதுதானே.

பிறகு நிமிர்ந்து கேட்டேன். "கழுவினியா?"

"கழுவாம இருப்போமா அண்ணே? எனக்க வீட்டுக்காரிதான் கழுவுவா. ஒரு நிமிசம்," என்று ததேயு அங்கேயே போன் போட்டார். ரோட்டுச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கழுவுனேன்," என்றது சகாயமேரியின் குரல். "ஒவ்வொரு தடவையும் மூணு கொடம் ஊத்திக் கழுவுனேன். ஏன், என்ன ஆச்சு?"

நான் போனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். "இந்த ஹப்பப் பாத்தா கழுவுன மாதிரி தெரியலியே."

எங்கள் உள்நாட்டுப் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடற்கரைக்காரர்களுக்குப் பொருளைப் பேணத் தெரியாது என்று ஒரு சொல். சும்மா நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் வரும். டீக்கடையில் ஒருவன் அதைச் சொன்னான், நாலு பேர் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது வசதியாக இருந்தது. ததேயுவின் கூட்டாளி ஒருவர், "பெம்பிளைகிட்ட விட்டா இப்படித்தான் மக்கா," என்றார்.  போன் கட்டாகிவிட்டது.

ததேயு என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "எங்க தப்புக்கு ஒங்கள வேற அலைய வச்சாச்சு," என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, தம்பிமாரே, அதற்கு என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஒன்று விளங்கிக்கொள்ளுங்கள். கழுவுவது வெளியே துரு பிடிக்காமல் இருக்க. ஹப்புக்கு உள்ளே கடல் தண்ணீர் போவதற்கும் கழுவுவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பெண் முப்பது குடம் ஊற்றியிருந்தாலும் அந்தப் பேரிங் போயிருக்கும். அந்த ரோட்டில் இது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

4. மூணு குடம்

வீட்டில் நடந்ததைச் சொன்னபோதும் அதே பொய்யைத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரி புஷ்பபாய் மறுநாள் பேண்டை நனைக்க எடுத்தவள், பாக்கெட்டில் வெள்ளைக் கிரீஸோடு இருந்த வேஸ்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பிள்ள கழுவாம கழுவுனேன்னு ஏன் சொல்லணும்? அவளுக்கு என்ன தேவ?"

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேஸ்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

கழன்ற சக்கரத்துக்கு வேறு பேரிங் போட்டு மாட்டிக் கொடுத்திருந்தேன், சீல் மறுபடியும் சிங்கிள் லிப்தான். வள்ளம் பட்டறையில் பதினெட்டு நாள் கிடந்தது. அவ்வளவு நாளும் நாலு வீட்டுக்குத் தொழில் இல்லை. ஒரு மாதம் கழித்து நாலு டபுள் லிப் சீலும் பேரிங்கும் வாங்கிக்கொண்டு ததேயு வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடப் போனேன் என்று நினைக்காதீர்கள். ததேயு துறைமுகத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வரப் போனேன். 'சும்மா ஒரு சர்வீஸ்' என்று சொன்னால் முடிந்தது.

சகாயமேரி தலையாட்டினாள். வாருங்க என்று சொல்லவில்லை. வீட்டுப் பக்கத்தில் டிரெய்லர் நின்றது. சுவரோரம் பத்துப் பன்னிரண்டு குடம். அதில் மூன்று குடத்தின் கழுத்தில் நீலப் பெயிண்ட் பூசியிருந்தது, நான் கொடுத்த அதே பெயிண்ட்.

"இது என்ன அடையாளம்?" என்று கேட்டேன். வாய் சும்மா கிடக்காது.

"அது வண்டி கழுவ வச்ச வெள்ளம். வீட்டுல ஆரும் எடுத்துரப்பிடாதுல்லா, அதுக்கு," என்றாள். "பைப்புல நாலு நாளைக்கு ஒருக்காதான் வருது. காணாத அன்னைக்கு அடுத்த தெருவுல போய்க் கொண்டுவருவேன்."

நான் ஜாக்கியை வைத்தேன். முதல் ஹப்பைத் திறந்தேன். வெள்ளை. அடுத்ததைத் திறந்தேன். வெள்ளை. அவள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இதென்ன அண்ணே, மோரு மாதிரி இருக்கு?"

"உள்ள வெள்ளம் கேறியிருக்கு."

அவள் சுவரோரக் குடங்களைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வாடிப்போய்விட்டது. "அப்போ நான் ஊத்தி ஊத்தித்தான் உள்ள கேறிச்சா? நான் கழுவுனதுதான் தப்பா?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஆமா என்று சொல்ல என் வாய் திறந்தது. ஒரே சொல்லில் நான் தப்பித்துவிடலாம். அவள் நம்பிவிடுவாள். கழுவவில்லை என்ற பழி போய்க் கழுவினாள் என்ற பழி வரும், அதையும் அவளே சுமப்பாள். அந்த மூன்று குடமும் என் கண்ணுக்கு நேரே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயது ஆள், கையில் ஸ்பேனரோடு.

"இல்ல பிள்ளே. நீ கழுவுனது சரிதான். உள்ள கேறினது கடல் வெள்ளம். நான் போட்ட சீலு சரியில்ல. சரியில்லன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

"அன்னைக்கு போன்ல?"

"பொய் சொன்னேன். கிரீஸையும் தொடச்சு மறச்சேன்."

அவள் திட்டவில்லை. "அவரு ஒரு மாசமா எனக்கு மொகம் தந்து பேசல," என்றாள். "எனக்க மாமியாரு, வீலு கழுவக் கை வலிச்சவள்னு பேரு வச்சாச்சு. வெள்ளம் எடுக்கப் போற எடத்துலயும் அதுதான் பேச்சு. நான் கழுவுனேனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு அண்ணே."

உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். "அவரு தொறமுகத்துல வல பிரிச்சிட்டு நிக்காரு. அன்னைக்கு நின்னவங்க எல்லாரும் அங்கதான் நிப்பாவ. ஸ்பீக்கர்ல போடச் சொல்லிட்டுப் பேசுங்க."

பேசினேன். டபுள் லிப், சிங்கிள் லிப், மாப்பிள்ளை வீட்டார், வேஸ்ட், எல்லாம் சொன்னேன்.  அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "ஃபோர்மேனா வே பேசுதது?" என்றார்.

"ஃபோர்மேன் இல்ல. ஃபிட்டர்," என்றேன்.

 "மேரி அங்க நிக்காளா? போன அவகிட்ட குடுங்க," என்றார் ததேயு. அவள் வாங்கிக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டாள். "வீட்டுக்கு வாங்க, பேசுவோம்," என்று மட்டும் சொல்லி வைத்தாள். நான் நாலு ஹப்பையும் முடித்துவிட்டு வந்தேன். பட்டறைச் செலவை நான் ஏற்றேன், அதனால் வெட்கம் குறையவில்லை. டீக்கடையில் சிரித்தவர்களைத் தேடிப் போய் இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே ஓர்மை இல்லை.

5. சர்வீஸ்

ஆறு மாதம் கழித்து டிரெய்லர் சர்வீசுக்கு என் முற்றத்துக்கு வந்தது. இனி என்னிடம் வராது என்றுதான் இருந்தேன். ததேயு வண்டியை நிறுத்தினார். மறுபக்கம் கதவைத் திறந்து சகாயமேரி இறங்கினாள்.

முதல் ஹப் கேப்பைத் தட்டிக் கழற்றினேன். பழக்கதோஷத்தில் கை வேஸ்டுக்குப் போனது.

"நில்லுங்க அண்ணே. தொடைக்காதிய."

பக்கத்தில் வந்து குனிந்து, விரலை உள்ளே விட்டு எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "தேன் நெறம்தானே?"

"ஆமா பிள்ளே, தேன் நெறம்தான்."

தம்பிமாரே, வேலையில் யாருக்கும் தப்பு வரும். சீல் மாற்றலாம், பேரிங் மாற்றலாம், வள்ளத்தின் கீறலைக்கூட ஒட்டிவிடலாம். ஹப்பைத் திறந்தால் உள்ளே இருப்பதை முதலில் உடையவர் பார்க்கட்டும். அவர் பார்க்கிறதுக்கு முன்னால் துடைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான்.

அவள் என் பேச்சை நம்பி அதோடு நின்றுவிடவில்லை. இரண்டாவது ஹப்பிலும் விரலை விட்டாள், மூன்றாவதிலும் விட்டாள். நாலாவதையும் பார்த்து முடித்த பிறகுதான், கை துடைக்க என்னிடம் வேஸ்ட் கேட்டாள்.