மாடியில்லாத ஊருக்கு மாற்றல்

அமைச்சகக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட்கள். கண்ணாடி வைத்த புதியது அமைச்சருக்கும் பெரிய அதிகாரிகளுக்கும். அதில் ஏறிப் பொத்தானை அழுத்தினால் போதும், இயக்க ஆள் வேண்டாம். மற்ற எல்லோருக்கும் பழையது. அதற்கு மடக்கு இரும்புக் கதவு, பித்தளைக் கைப்பிடி, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தவளைக் கட்டடம் முழுக்க லிஃப்ட்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அவளுடைய சொந்த ஊரில் இந்த இரண்டு லிஃப்ட் விவரத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்க தங்கச்சி தினமும் மந்திரிகூடத்தான் மேல போகுது, கீழ வருது" என்று அவளுடைய அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அமைச்சரை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் பார்த்தது முதுகைத்தான்.

அவளோடு மேலே போனவர்கள் வேறு ஆட்கள். தூரத்து ஊர்களிலிருந்து ராத்திரி வண்டியில் வந்து, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, பிளாஸ்டிக் பையில் கோப்பை அணைத்துக்கொண்டு நிற்பவர்கள். போகும்போது சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது சட்டையைப் பற்றிய நினைப்பே இருக்காது. ஐந்தாவது மாடியிலிருந்து இறங்குகிறவர்களை அவள் எதுவும் கேட்க மாட்டாள். அங்கே போனவர்களை நாளைக்கு வரச் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"குண்டுச்சட்டியில குதிரை ஓட்டுற வேலை உனக்கு" என்பார் அவள் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தலைநகரம் என்றால் உயிர். காலையில் நூலகத்துப் படிப்பறைக்குப் போய் எல்லாப் பத்திரிகையையும் ஓசியில் படிப்பார். அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் பூங்காவுக்குப் போவார். அங்கே தினம் ஒரு கூட்டம் கொடி பிடித்துக் கோஷம் போடும். யாருக்காக, எதற்காக என்று விசாரித்துக்கொண்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குச் சொல்லுவார். "வேற எந்த ஊர்ல இப்படி டிக்கெட் இல்லாம நாடகம் நடக்குது, சொல்லு." அவருடைய கண்ணில் வந்த கோளாறைச் சரி செய்ததும் அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிதான். அதற்காக அவர் அந்த ஊரின் எல்லாக் குற்றங்களையும் மன்னித்திருந்தார்.

அவளால் அப்படி மன்னிக்க முடியவில்லை. விடியும் முன்பே வந்து, விடிந்ததும் நின்றுவிடும் தண்ணீர். வருஷா வருஷம் ஏறும் வாடகை. யாரோ பெரிய மனிதர் போகிறார் என்று போலீஸ்காரர் விசில் ஊதினால் பஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். கறுப்புக் கார்கள் வரிசையாகப் போய் முடியும்வரை, ஆபீஸுக்குப் போகிறவனும் பிரசவத்துக்குப் போகிறவளும் ஒரே ஜன்னல் வழியாக ஒரே காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவளை ஓய்த்துப்போட்டது விருந்தாளிகள்.

வீடு என்பது ஒரு கூடமும் சமையலறையும்தான். கூடத்தில் ஒரு இரும்புக் கட்டில். தூதரகம், பெரிய ஆஸ்பத்திரி, தேர்வு மையம், மேல்முறையீடு எல்லாம் தலைநகரத்தில்தான் இருக்கின்றன. ஊரிலிருந்து யார் எதற்கு வந்தாலும் அவள் வீட்டில்தான் இறங்குவார்கள். அண்ணன் மட்டுமல்ல, அண்ணனுக்குத் தெரிந்தவர், தெரிந்தவருக்கு வேண்டியவர் எல்லோரும். கட்டில் வருகிறவர்களுக்கு. தரையில் மீதிப் பேர். அவள் சமையலறையில் கேஸ் சிலிண்டர் பக்கம் தலைவைத்துப் படுப்பாள். காலையில் எழுந்தால் கழுத்து ஒரு பக்கமாகவே நிற்கும். அதே பக்கமாகவே நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டுவாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்த வருஷம் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் மூவரும் விசாவுக்காக வந்தார்கள். தூதரகத்தில் முதல் முறை இல்லை என்றார்கள். இன்னொரு தாளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தத் தாள் வரக் காத்திருந்தார்கள். வந்த தாளில் கையெழுத்துத் தவறு. அவர்கள் வந்து ஒரு மாதம் முடியப் போகிறது. அண்ணி நல்லவள்தான், பாத்திரம் தேய்ப்பாள், பேச்சில் குத்தல் கிடையாது. ஆனால் பாத்திரம் தேய்க்கும் இடம்தான் அவள் நாத்தனார் படுக்கும் இடம்.

ஒரு நாள் காலை, மேலே போக வேண்டிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு லிஃப்ட்காரம்மா கைப்பிடியைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தாள். "அம்மா, கிளம்பலையா?" என்று யாரோ தோளைத் தொட்ட பிறகுதான் தான் தூங்கியிருந்தது தெரிந்தது. அன்று மத்தியானம் நிர்வாகப் பிரிவுக்குப் போய், ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று கேட்டாள்.

தலைநகரத்துக்கு மாற்றல் கேட்டு வருகிறவர்களையே பார்த்துப் பழகிய அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் உத்தரவு சீக்கிரமே வந்துவிட்டது. அவளுடைய சொந்த ஊரிலிருக்கும் கிளை அலுவலகம், லிஃப்ட் இயக்குபவர் பதவி. "சொந்த ஊருக்கே கிடைச்சிருக்கு, சந்தோஷமா போங்க" என்றார் அதிகாரி.

வீட்டுக்காரர் உத்தரவை இரண்டு முறை படித்தார். அன்று அவர் நாடாளுமன்றத்து நாடகம் எதையும் சொல்லவில்லை. "உன் கழுத்துக்கு எது நல்லதோ அதைச் செய்யலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். விசா கிடைக்காமலே அண்ணன் குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. கட்டில் காலியாக இருந்தும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சேருவதற்கு முன் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று லீவு போட்டுக்கொண்டு அவள் தனியாகப் போனாள்.

கிளை அலுவலகத்துக்குத் தரைத்தளம் மட்டுமே இருந்தது. அவள் வெளியே போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள். மேலே தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே வானம். உள்ளே லிஃப்டுக்கென்று விட்ட சதுரக் குழியைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் துடைப்பங்களையும் குடைகளையும் சாத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று.

மேலாளர் கொஞ்சமும் கூச்சப்படாமல் விளக்கினார். "நாலு மாடின்னு பிளான் போட்டாங்கம்மா. மாடி வர்றதுக்குள்ள ஆளைப் போட்டு வச்சிடுவோம்னு பதவியை உண்டாக்கிட்டாங்க. மாடி வரல. ஆள் மட்டும் வந்துகிட்டே இருக்கு. உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் இந்த நாற்காலியிலேயேதான் ரிட்டயர் ஆனாரு."

"அவரு என்ன செஞ்சாரு?"

"நல்லாத் தூங்குவாரு. உடம்பு தேறிப் போச்சு."

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். சாய்மானம் கழுத்துக்கு இதமாக இருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தெருவில் ஒரே ஒரு சைக்கிள் போனது. தலைநகரத்தில் இத்தனை வருஷம் அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். யாரையும் ஏற்ற வேண்டாம், யாரையும் இறக்க வேண்டாம். கண்ணை மூடினாள்.

மூடிய கண்ணைத் திறப்பதற்குள் பக்கத்து மேசைக்காரி வந்துவிட்டாள். இன்னாரின் தங்கைதானே என்றாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இல்லை என்றதும் பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரைச் சொன்னாள். லிஃப்ட்காரம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. டீ கொண்டுவந்தவர் அதையே கேட்டார். அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர், யாருக்குக் குறை, உனக்கா மாப்பிள்ளைக்கா என்றே கேட்டுவிட்டார். தலைநகரத்தில் ஒரே மாடிப்படியில் எதிரே குடியிருக்கிறவள்கூட இன்றுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அக்கறையில்லாத ஊர் என்று அவளே திட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி தனி அறையில் மெத்தை விரித்து, புதுப் போர்வை கொடுத்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சாப்பிடும்போது அவள் மாற்றல் விஷயத்தைச் சொன்னாள். அதுவரை சொல்லாமல் வைத்திருந்தது, அவர்கள் முகம் மலர்வதை நேரில் பார்க்கலாம் என்ற ஆசையில்.

முகம் மலரவில்லை. அண்ணன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, கேக்காம கொள்ளாம? நீ இங்க வந்துட்டா அங்க நாங்க எங்க போய் இறங்குறது?"

அவள் சிரிப்பதா என்று பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. விசாவுக்கு மறுபடி போக வேண்டும், மகனுக்குத் தேர்வு வருகிறது, தன் பென்ஷன் கோப்பு அமைச்சகத்தில் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழியும் சொன்னார். "ஒண்ணு செய். நீ வந்துடு. மாப்பிள்ளை அங்கயே இருக்கட்டும். வீட்டை மட்டும் விட்டுடாதீங்க."

"உங்களுக்கு என்ன பேச்சு இது" என்று அண்ணி அதட்டினாள். ஆனால் அது வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

மெத்தை நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் சமையலறையில் படுத்ததெல்லாம் பாசத்துக்காக என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். அவர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அசதிதான் வந்தது.

மறுநாள் வண்டியில் திரும்பினாள். ஸ்டேஷனிலிருந்து ஏறிய பஸ் விசில் சத்தம் கேட்டு நின்றது. எங்கே போனாய், ஏன் தனியாக வருகிறாய் என்று பஸ்ஸில் யாரும் அவளைக் கேட்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப் போனார். அவள் தள்ளிவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

உத்தரவை ரத்து செய்யச் சொன்னபோது அதிகாரிக்கு எரிச்சல். "கேட்டீங்க, குடுத்தோம். இப்ப வேணாங்கறீங்க. என்னம்மா காரணம் எழுதறது?" அங்கே மாடி இல்லை என்றாள். அவர் நம்பவில்லை. பட்டியலில் பதவி இருக்கிறதே என்றார். கிளைக்குப் போன் போட்டு, மறுமுனையில் சொன்னதைக் கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பதவி மட்டும் பட்டியலில் அப்படியே இருந்தது. அதை எடுக்கத் தனி உத்தரவு வேண்டுமாம்.

மாற்றலை மறுத்தது சுலபமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் கஷ்டம். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த லாட்ஜுகளில் ஏறி இறங்கி, ஒன்றில் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்து, மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று மெத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். தன் மகனைத் தேர்வுக்காக இரண்டு நண்பர்களோடு அனுப்புவதாக அண்ணன் போன் செய்தார். அவள் லாட்ஜின் பெயரைச் சொன்னாள்.

"லாட்ஜா?"

"ஆமாண்ணா. சுத்தமா இருக்கு, பார்த்துட்டேன். ஒரு வேளை நம்ம வீட்ல சாப்பிடட்டும். தங்குறது அங்க. என்னால முடியல."

"சரி. நீயும் அந்த ஊர்க்காரியா ஆயிட்ட" என்றார். வைத்துவிட்டார். பையன் வந்தானா, எங்கே தங்கினான் என்று தகவல் இல்லை. சாப்பிட வரவில்லை. அவள் கட்டிலில் படுத்தாள். வீட்டுக்காரர் இப்போதும் மெதுவாகத்தான் நடந்தார், யாரோ தூங்குகிற வீட்டில் நடப்பதைப் போல. அண்ணனிடமிருந்து போன் வராத மாதங்கள் போயின. இது நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கழுத்து நேராக நின்றது, அவ்வளவுதான்.

மழை நாள் ஒன்றில், ஈரக் குடைகளோடு ஒரு கூட்டம் லிஃப்டில் ஏறியது. அவள் கதவை இழுத்து மூடிக்கொண்டே வழக்கம்போல் ஒவ்வொருவரையும் எத்தனாவது மாடி என்று கேட்டாள்.

"அஞ்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் திரும்பவில்லை. கைப்பிடியைத் திருப்பினாள். ஐந்தில் நிறுத்தினாள். அண்ணன் பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் அவர் கீழே வரும்போது லிஃப்டில் வேறு யாரும் இல்லை. அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது, "நாளைக்கு வரச் சொல்றான்" என்றார்.

"அங்க அப்படித்தாண்ணா சொல்லுவாங்க."

"லாட்ஜுல தண்ணி நல்லா வருது."

"சாயங்காலம் சாப்பிட வாங்க."

"பார்க்கிறேன்" என்றார்.

அவள் மூன்று பேருக்குச் சமைத்தாள். எல்லாம் ஆறிப்போன பிறகு அவர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். யாரோ பெரிய மனிதருக்காக ரோட்டை அடைத்துவிட்டார்களாம். எப்படித்தான் இந்த ஊரில் இருக்கிறீர்களோ என்று சாப்பிட்டு முடிக்கும்வரை திட்டினார். வீட்டுக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மச்சான் என்பதைத் தவிர. கை கழுவிவிட்டு வந்த அண்ணன் கட்டிலை ஒரு முறை பார்த்தார். அவளும் பார்த்தாள். இருங்கண்ணா என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"லாட்ஜுக்கு எந்த பஸ்?" என்று அவரே கேட்டார்.

குடையை எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். பஸ் வந்ததும் அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாளைக்கு ஐந்தாவது மாடியில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும், சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று அவள் வெளியே நின்று சொன்னாள். அவர் தலையாட்டினார்.