ஆஸ்திரேலியாவுக்கு முன் கொடிவேரி

வரும் ஆடியில் அப்பா, அம்மா, நான் மூவரும் ஆஸ்திரேலியா போகிறோம். மாதத்தை முடிவு செய்தது அம்மா. வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தவர்களின் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க அம்மாவால் முடியாது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. போத்தனூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வெளியூர் கிளம்புவது ஆடியில்தான். மார்கழியும் உண்டு, ஆனால் அப்போது விமானக் கட்டணம் எட்டாது. ஆடி என்றால் அங்கே நடுக் குளிர்காலம் என்பதை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. அப்பா அரைக்கைச் சட்டை நான்கு வாங்கி வைத்த பிறகுதான் நான் மெல்போர்னின் வெப்பநிலையைப் பார்த்தேன்.

அப்பா முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர். சும்மா இருப்பது அவருக்கு வராது. அவர் போட்ட திட்டத்தில் பதினொரு நாளில் சிட்னி, நீல மலைகள், மெல்போர்ன், பெருங்கடல் சாலை, கோல்ட் கோஸ்ட், கெய்ன்ஸ் எல்லாம் இருந்தன. "இத்தனை காசு குடுத்துப் போறமல்ல கண்ணு, ஒண்ணையும் உட்டுப்போடக் கூடாது" என்றார். எனக்கு நிதானமாகப் போகவேண்டும் என்று ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி வேறு. அம்மாவிடம் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் சொல்றபடி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வீட்டில் உட்கார்ந்து வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததும் ஓர் ஒத்திகை போகலாம் என்றேன். பக்கத்தில் ஒரு நாள் பயணம், முழுக்க அப்பாவின் பாணியில். நாங்கள் மூவரும் சேர்ந்து எப்படி ஊர் சுற்றுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளலாம். அப்பா உடனே ஒப்புக்கொண்டு பவானிசாகர், பண்ணாரி, சத்தியமங்கலம், கொடிவேரி, குண்டேரிப்பள்ளம் அணை என்று ஒரே நாளில் ஐந்து இடங்களை அடுக்கினார்.

கல்யாணம் எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வாடகைக் கார். ஓட்டுநர் செந்தில், அப்பாவுக்குப் பழக்கமானவர். அன்னூரில் இட்லி சாப்பிட்டு, புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. வீட்டிலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். அணைக்குக் கீழே பூங்கா இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்சம் நடக்கவேண்டும். அம்மா கதவைத் திறந்து வெளியே ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க போயிட்டு வாங்க. நான் காருலயே உக்காந்துக்கறேன்."

"செரி, போட்டோ எடுத்துட்டு வாரேன்" என்று அப்பா விறுவிறுவென்று போய்விட்டார். நான் அம்மாவுடன் இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்த அப்பா கைபேசியில் படங்களைக் காட்டினார். அம்மா ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்தார். "இது என்னங்க, மதகா? இந்தப் பக்கம் ஊஞ்சலுங்களா?" என்று கேட்டுக்கொண்டார். ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

பண்ணாரியில் அம்மா காரில் இருக்கச் சம்மதிக்கவில்லை. அம்மன் கோயிலாயிற்றே. வரிசையில் நாற்பது நிமிடம் நின்றதில் முட்டி வீங்கிவிட்டது. சத்தியமங்கலத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கொடிவேரி வந்தபோது மணி இரண்டு. கோபி சாலையில் பதினைந்து கிலோமீட்டர்தான். பவானி ஆறு ஒரு தாழ்வான தடுப்பணையின் மேல் நீளமாக வழிந்து விழும் இடம் அது. பிள்ளைகள் அருவியில் குளிப்பது போல் அதன் கீழே நிற்பார்கள், பரிசல் ஓடும், மீன் வறுவல் மணக்கும். கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி நிழலில் ஒரு படி கிடைத்தது. அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டார். "அப்பாடா" என்றார். காலையிலிருந்து அவர் தனக்காகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அப்போது கிணத்துக்கடவுச் சித்தி அழைத்தார். அம்மாவின் கை ஈரமாக இருந்ததால் நான் ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனக்கா, பவானிசாகர் போனீங்களாமா? எப்படி இருந்துச்சு?"

"அட, அதை ஏன் கேக்கறே புள்ள. தண்ணி சோன்னு கொட்டுது. கிட்டப் போனா சாரலு மூஞ்சியில வந்து அடிக்குது. குளுகுளுன்னு இருந்துச்சு போ."

மீன் வறுவலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மெல்லுவதை நிறுத்தினார். அம்மா ஊஞ்சலைப் பற்றியும் சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்ததும் பேசுவதாகச் சொன்னார். நான் இணைப்பைத் துண்டித்தேன்.

"மதகு ஒண்ணுகூடத் தொறக்கலையே" என்றார் அப்பா. "சாரலு எங்கிருந்து வந்துச்சு?"

"சும்மா சொன்னனுங்க. அவ என்ன வந்து பாக்கவா போறா?"

அப்பா மீன் தட்டைக் கீழே வைத்தார். மூன்று வருடங்களுக்கு முன் அவரும் அம்மாவும் ஒரு குழுவோடு வட இந்தியா போய் வந்திருந்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை.

"அப்ப தாஜ்மகாலு?"

அம்மா தண்ணீருக்குள் காலை அசைத்தார். பிறகு, "அன்னைக்கு ரொம்ப தூரம் நடக்கோணும்னாங்க. முட்டி முடியலைங்க. பஸ்ஸுலயே இருந்துட்டேன்" என்றார்.

"நீ பொறகால பொம்பளைங்களோட வாரேன்னல்ல நெனச்சேன்! கல்லு காலுக்குச் சில்லுன்னு இருந்துச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியே?"

"நீங்க வந்து ரூம்புல சொன்னீங்க. அதையேதான் சொன்னேன்."

"செங்கோட்டை?"

"பஸ்ஸு."

"ஹரித்துவாரு?"

"கங்கையப் பாத்தனுங்க. பஸ்ஸு பாலத்து மேலதான போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னா நீங்களும் பாக்காம எங்கூடவே உக்காந்துக்குவீங்க. இத்தனை காசு கட்டி வந்துட்டு, அது என்னத்துக்குங்க?"

அந்த நேரம் பார்த்துச் செந்தில் வந்தார். "ஏனுங்ண்ணா, குண்டேரிப்பள்ளம் போறதுன்னா இப்பக் கெளம்பினாத்தானுங்க ஆகும்."

அப்பா அம்மாவின் முட்டியைப் பார்த்தார். "அணை எங்கயும் ஓடிப் போயிராது செந்திலு. நீயும் வந்து காலை நனை."

உட்கார்ந்திருப்பது அப்பாவுக்கு எளிதாக இல்லை. பத்து நிமிடத்தில் எழுந்து போய்ப் பரிசல்காரரிடம் ஆழம் விசாரித்தார். திரும்பி வந்தார். மறுபடி எழுந்தார். அம்மாதான், "அந்தக் கொக்கு நாம வந்ததுல இருந்து அங்கயேதான் நிக்குது, பாருங்க" என்று காட்டினார். தடுப்பணையின் விளிம்பில், விழப்போகும் தண்ணீருக்குள் ஒரு கொக்கு நின்றது. அது எப்போது கொத்தும் என்று பார்க்க அப்பா உட்கார்ந்தார். நான்கு மணி வரை எழவில்லை. கொக்கு இரண்டு முறை கொத்தியது. இரண்டாவது முறை கிடைத்ததா இல்லையா என்பதில் இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

திரும்பும் வழியில் அன்னூர் தாண்டியதும் முன் இருக்கையிலிருந்து அப்பா திரும்பினார். "கண்ணு, அந்த ஆஸ்திரேலியாவுல உக்கார எடமெல்லாம் இருக்குமா?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் திட்டத்தை மறுபடி போட்டோம். பல இடங்களைத் தொட்டுவிட்டு வருவதைவிடச் சில இடங்களில் இருந்துவிட்டு வருவது எங்களுக்கு ஒத்துவரும். மெல்போர்னை விட்டுவிட்டோம். குளிரும் முட்டி வலியும் சேராது. வடகிழக்கே இருக்கும் கெய்ன்ஸ் ஆடியில் மழையில்லாமல், நம்மூர்த் தை மாதம் போல் இருக்குமாம். அப்பாவின் அரைக்கைச் சட்டைகள் தப்பின. அங்கே ஆறு இரவுகள், பிறகு சிட்னியில் ஐந்து. கெய்ன்ஸிலிருந்து குரண்டா என்ற மலையூருக்குக் காட்டுக்குள் போகும் பழைய ரயில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். போத்தனூர் ஜங்ஷன் பக்கத்திலேயே வளர்ந்த அப்பாவுக்கு ரயில் என்றால் போதும். பவளப்பாறையைப் பார்க்க நீந்தவேண்டியதில்லை, அடியில் கண்ணாடி வைத்த படகுகள் உண்டு. சிட்னியில் மேன்லிக்குப் போகும் படகு அரை மணிக்குள் போய்விடும். துறைமுகத்தின் அழகெல்லாம் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஓர் இடம், மாலை முழுக்க ஓய்வு.

இதே போல் பெற்றோருடன் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோவையிலிருந்து சிங்கப்பூர் நாலரை மணி நேரம், அங்கிருந்து கெய்ன்ஸ் ஏழு மணி நேரம். நடுவில் ஓர் இரவு தங்கிப் போவது முட்டிக்கு நல்லது. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், தனிக் கட்டணம் இல்லை. பெற்றோர் வெட்கப்படுவார்கள், அவர்களைக் கேட்காமலே போட்டுவிடுங்கள். விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் அடிக்கடி மாறுவதால் அரசுத் தளத்தில் பாருங்கள். பருப்புப் பொடியோ ஊறுகாயோ, எதைக் கொண்டுபோனாலும் இறங்கும்போது தரும் அட்டையில் எழுதிவிடவேண்டும். கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மருந்துக்கு மருத்துவர் சீட்டு தேவை. எல்லாவற்றுக்கும் முன்னால் பக்கத்தில் எங்காவது ஓர் ஒத்திகை போய் வாருங்கள். எங்களுக்கு வண்டிக்கும் ஓட்டுநர் படிக்கும் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. கொடிவேரிக்கு வார நாளில் போனால் படியில் இடம் கிடைக்கும்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். "நீங்க போயிட்டு வாங்க" என்று உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி சொன்னால், அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு அவர்களை விட்டுவிட்டு நடந்துவிடாதீர்கள். நானும் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்திருந்தார். "ஏனக்கா, ஆஸ்திரேலியாவுல என்னென்ன பாக்கப் போறீங்க?" என்று கேட்டார். அப்பா வாயெடுக்கும் முன் அம்மா சொன்னார்: "எறங்கிப் பாத்ததை வந்து சொல்றேன் புள்ள. எறங்காம உட்டதையும் சொல்றேன். எது எதுன்னு இந்த வாட்டி பிரிச்சே சொல்லிப்போடறேன்."

சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா சிரித்தார்.